அந்தக் கேள்வி யமுனாவுடையது

அசோக்,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன வேலையை நான் செய்யப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "அம்மா, நீ யமுனாகிட்ட பேசு. அடுத்த தடவை கண்டிப்பா அவளுக்குத்தான்னு சொல்லு. நான் சொன்னா காதுல வாங்க மாட்டேங்கிறா" என்றாய். பேசினேன். ஆனால் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. பேசி முடித்த பிறகுதான், நான் பேச வேண்டியது அவளிடம் இல்லை, உன்னிடம் என்று தெரிந்தது. போனில் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுவாய், அதில் நீ கெட்டிக்காரன். அதனால் எழுதுகிறேன். இதை மூடி ஒட்டி அனுப்பும் எண்ணமும் இல்லை. யமுனாவிடம் கேட்டேன், அவள் தடுக்கவில்லை. என்னோடு காலேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண்கள் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் படித்துக் காட்டப் போகிறேன். அவர்கள் வீட்டிலும் மகன்கள் இருக்கிறார்கள், மருமகள்கள் இருக்கிறார்கள்.

நீ பேராசிரியர் ஆகிவிட்டாய் என்ற செய்தி வந்த அன்று நான் எப்படிக் குதித்தேன் தெரியுமா? புரோத்ராபூரிலிருந்து ஆட்டோ பிடித்து ஜங்லிகாட் கடைத்தெருவுக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தேன். முட்டி வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. உன் அப்பா படத்துக்கு முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு பெங்காலிக்காரியிடம் தட்டை நீட்டி, "மேரா பேட்டா ப்ரொஃபசர் பன் கயா" என்றேன். அவள் ஜிலேபியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயில் வைக்காமல், "ஔர் பஹூ? உஸ்கா க்யா ஹுவா?" என்று கேட்டாள். மருமகளுக்கு என்ன ஆயிற்று என்று. நீங்கள் இருவரும் ஒரே பதவிக்கு விண்ணப்பித்திருந்ததை நான்தான் ஒருநாள் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கு நினைவிருந்தது, எனக்கு நினைவில்லை. முதுகலையில் பொருளாதாரம் படித்து, அதையே காலமெல்லாம் பாடமாக நடத்தியவள் நான். என் மருமகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்த வாசலில் நின்றுகொண்டுதான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "சந்தோஷமா இருக்கு அத்தை. நீங்க நல்லா இருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று வழக்கம்போலப் பேசினாள். நான் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னாள். சொன்னது கொஞ்சம்தான். உள்ளே போய் உட்கார்ந்ததும், நீங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் காட்டிக் கேட்ட முதல் கேள்வியே, "இந்தப் பேப்பரில் உங்கள் கணவர் செய்தது எது, நீங்கள் செய்தது எது" என்பதாம். அவள் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறாள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு, "களப்பணி நல்லா பண்ணியிருக்கீங்க" என்றாராம். ஏதோ கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்ததைப் பாராட்டுகிற மாதிரி. இன்னொருவர் இடையில் புகுந்து, "அசோக் மாதிரி ஒருத்தர் வீட்டுலயே இருக்கிறது கொடுப்பினைம்மா" என்றாராம். மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். வேறென்ன செய்வாள்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள்.

அந்தப் பேப்பர் எங்கே பிறந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் ஒரு இடத்திலாவது இருக்கட்டும். அது உன் அப்பா உயிரோடு இருந்த காலம். மழைக்காலத்தில் மெயின்லேண்டிலிருந்து அந்தமானுக்குச் சாமான் கொண்டு வரும் கப்பல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை, நீங்கள் இருவரும் விடுமுறைக்கு வந்திருந்தீர்கள். ஜங்லிகாட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் "ஜஹாஸ் நஹி ஆயா" என்ற ஒரே பதில், கப்பல் வரவில்லை என்று. தக்காளியைத் தொட முடியவில்லை. வீட்டில் உருளைக்கிழங்கும் கொஞ்சம் பருப்பும்தான் மிச்சம். நான் உனக்கும் அப்பாவுக்கும் பரிமாறுவேன், யமுனாவுக்கு வைப்பேன், "எனக்குப் பசிக்கல, இப்பத்தான் டீ குடிச்சேன்" என்பேன். நான் தியாகம் செய்கிறேன் என்று நினைத்ததே இல்லை அசோக், உண்மையிலேயே பசிக்கவில்லை என்றுதான் நம்பினேன். யமுனா சில நாள் பார்த்தாள். ஒருநாள் மதியம் தட்டில் கை வைக்காமல் என்னைப் பார்த்து, "அத்தை, கப்பல் வந்தா உங்களுக்குப் பசிக்குமா?" என்று கேட்டாள். நீயும் அப்பாவும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் வகுப்பில் எத்தனை வருடம் பலகையில் கோடு போட்டிருப்பேன். குடும்பம் என்பது ஒரு நுகர்வோர், அதற்கு ஒரு வருமானம், ஒரு விருப்பம், ஒரு வாய். விலை ஏறினால் அந்த வாய் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடும். அந்த வாய் யாருடையது என்று எந்தப் பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. என் வீட்டுக்கு வந்த இந்தப் பெண் கேட்டாள். நீ மெயின்லேண்டுக்கு வேலைக்குத் திரும்பிய பிறகும் அவள் விடுப்பை நீட்டித்துக்கொண்டு இங்கேயே இருந்தாள். தெரிந்த அரைகுறை ஹிந்தியை வைத்துக்கொண்டு ஜங்லிகாட்டில் காய்கறி விற்கும் பெண்களிடம் போய், கப்பல் வராத நாளில் வீட்டில் யார் குறைத்துச் சாப்பிடுவது என்று கேட்டாள். நான் கூடவே நின்றேன். "கௌன் காயேகா கம்? ஹம் ஹி, ஔர் கௌன்" என்றாள் ஒருத்தி, நாங்கள்தான், வேறு யார் என்று. இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல இவளைப் பார்த்தாள். அடுத்து சௌல்தாரி கிராமத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கப்பல் வராவிட்டால் கொண்டாட்டம், கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் அவர்கள் சொன்னதுதான் விலை. அந்த வீடுகள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் நான் நடத்திய பாடம். அங்கேயும் பெண்கள் இருந்த காயையெல்லாம் விற்றுவிட்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டுச் சோறு தின்கிறார்கள் என்று இவள்தான் கண்டுபிடித்தாள். விலை ஏற்றத்தில் நஷ்டப்படுகிற வீடானாலும் லாபம் பார்க்கிற வீடானாலும் தட்டில் குறைவது ஒரே ஆளுக்குத்தான். நனைந்த செருப்போடு வீட்டுக்கு வந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் அதை என்னிடம் சொன்ன மதியம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது.

நீ ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தாய், அவள் சேர்த்து வைத்ததை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாய், எனக்குப் பாதி புரியாத கணக்கெல்லாம் போட்டாய், பத்திரிகைக்காரர்கள் கேட்கிற இங்கிலீஷில் எழுதினாய். நீ இல்லாவிட்டால் அது அந்தப் பத்திரிகையில் வந்திருக்காது. இதை யமுனாவே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். நீ அவளைப் பற்றி யாரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாய்?

பெயர் போடும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று பார்க்காமல், ஆங்கில எழுத்து வரிசைப்படி பெயர் போடுவீர்கள். அதனால் அசோக் முன்னால், யமுனா பின்னால். அவள்தான் அதை எனக்கு விளக்கினாள். "இதுல சண்டைக்கே இடமில்ல அத்தை, ரொம்ப நியாயமான ஏற்பாடு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. எழுத்து வரிசைக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. படிக்கிறவனுக்குத் தெரியும். ஒரு ஆண் பெயரும் ஒரு பெண் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், யோசித்தது யார், கூட மாட உதவியது யார் என்று அவன் மனசுக்குள் தானாகவே பிரித்துக்கொள்கிறான். அந்தப் பெண் மனைவியாகவும் இருந்துவிட்டால் அவனுக்குச் சந்தேகமே வருவதில்லை. போன இடமெல்லாம் அது "அசோக் பேப்பர்" ஆயிற்று. நீயும் அப்படிக் கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தேர்வுக் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று விதியாம். உங்கள் துறையில் கீழ்மட்டத்தில் பாடம் நடத்தப் பெண்கள் நிறையப் பேர், பேராசிரியர் நாற்காலியில் இதுவரை ஒருத்திகூட உட்கார்ந்ததில்லை. வெளியிலிருந்து அழைக்கத் தேடியும் யாரும் கிடைக்கவில்லை என்று, தாவரவியலிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். பாவம், நல்ல மனுஷியாம். யமுனாவைப் பார்த்துப் புன்னகைத்தாராம், ஆனால் பொருளாதாரம் தெரியாததால் ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். எல்லாம் முடிந்து வராந்தாவில் அவளைப் பார்த்தபோது தோளில் கை வைத்து, "அடுத்த பேப்பர்லயாவது உங்க பேரை முதல்ல போடச் சொல்லுங்கம்மா" என்றாராம். அவர் துறையில் முதல் பெயர்தான் முதல் உழைப்பு. இங்கே எழுத்து வரிசை என்பது அவருக்குத் தெரியாது, அந்த அறையில் இருந்த யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. யமுனாவுக்காக ஒரு வார்த்தை பேசுவதற்கென்றே உட்கார வைக்கப்பட்ட ஒரே பெண், அவளுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று மனமார நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படிப் போய் உட்கார்ந்தவள்தான். எங்கள் காலேஜில் எந்தக் குழுவுக்கும் பெண் உறுப்பினர் வேண்டுமென்றால் என் பெயரைத்தான் எழுதுவார்கள். ஹாஸ்டல் குழு, கேன்டீன் குழு, விழாவுக்கு விளக்கேற்றும் குழு, வேதியியலுக்கு ஆள் எடுக்கும் குழுகூட. ஆண்கள் அந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். பதவி உயர்வு வரும்போது உங்களிடம் பேப்பர் இல்லையே மேடம் என்றார்கள். உண்மைதான், என்னிடம் இல்லை. "அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று உன் அப்பா சமாதானம் சொன்னார், அசோசியேட் ப்ரொஃபசராகவே ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தேன். யமுனாவிடம் பேப்பர் இருக்கிறது. அது யாருடையது என்று கேட்கிறார்கள்.

உன் நேர்முகத்தை நீயே எனக்குச் சொன்னாய், குரலில் அவ்வளவு பூரிப்பு. குழுத் தலைவர் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது என்று கேட்டாராம். நீ சொன்னாய்: "நான் அந்தமான்ல வளர்ந்தவன் சார், கப்பல் வரலைன்னா எங்க வீட்ல என்ன நடக்கும்னு பாத்து வளர்ந்தவன்னு சொன்னேன்மா. அப்படியே உருகிட்டாங்க." நானும் போனிலேயே உருகினேன், பெற்றவள் இல்லையா. மறுநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வார்த்தை திரும்ப வந்து என்னைக் குத்தியது. நீ பார்த்து வளரவில்லை அசோக். நீ சாப்பிட்டு வளர்ந்தாய். அதில் தப்பில்லை, எந்த வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான், உனக்கு ஊட்டி வளர்த்தவளும் நான்தான். ஆனால் பார்த்தவள் வேறு ஒருத்தி. கேட்டவளும் அவள். அந்த அறையில் உன்னிடம் நேராகக் கேட்டார்கள். "அது என் மனைவியின் கேள்வி" என்று சொல்ல உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லியிருந்தால் உனக்குக் கிடைக்காமல் போயிருக்கும் என்றுகூட நான் நினைக்கவில்லை. பெருந்தன்மையான ஆள் என்று இன்னும் உருகியிருப்பார்கள். ஆனால் அவளுக்கு ஒரு நியாயமான வாய்ப்பு இருந்திருக்கும். நீ பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பொய் சொன்னவனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

இப்போது அடுத்த தடவை என்கிறாய். அடுத்த தடவை என்றால் என்ன என்று யோசித்தாயா? இனி நீ பேராசிரியர். ஆள் எடுக்கும் குழுவில் நீயும் உட்காருவாய். யமுனாவின் பெயர் வந்ததும், கணவன் என்பதால் நீ எழுந்து வெளியே போக வேண்டும். விதி அது, சரியான விதிதான். அந்தப் பேப்பரில் எது யாருடையது என்று அவளைத் தவிர முழுதாகத் தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான், அப்போது நீ வராந்தாவில் டீ குடித்துக்கொண்டு நிற்பாய். உள்ளே மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார்கள். இந்த முறை இன்னும் தைரியமாகக் கேட்பார்கள், ஏனென்றால் நீ பேராசிரியர் ஆகிவிட்டாய், பேப்பர் உன்னுடையது என்பது இன்னும் ஊர்ஜிதமாகிவிட்டது. உன் பதவியே அவளுக்கு எதிரான சாட்சி. இதை அவளிடம் போய் எந்த முகத்தோடு ஆறுதலாகச் சொல்வேன்?

பேராசிரியர் நியமன ஆர்டரைத் திருப்பிக் கொடு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தாலும் அது அவளுக்கு வராது, வரிசையில் நிற்கும் அடுத்த ஆணுக்குப் போகும். எனக்கு அந்த உலகம் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் எழுது. தாவரவியல் அம்மாவுக்கும் எழுது. கேள்வி யமுனாவுடையது, களம் யமுனாவுடையது, முடிவைக் கண்டதும் அவள்தான், நான் கணக்குப் போட்டேன், எழுத்தில் உதவினேன் என்று உன் கையெழுத்தோடு எழுது. ஒன்றும் மாறாது என்பாய். மாறாமல் போகலாம். படித்துவிட்டு, மனைவி மேல் எவ்வளவு பாசம் பார் என்று சொல்லி ஓரத்தில் வைப்பார்கள். அப்படித்தான் நடக்கும் என்று நானும் பயப்படுகிறேன். ஆனாலும் எழுது. பதவியில் சேர்ந்து மாலை போட்டுக்கொள்வதற்கு முன்னால் எழுது. சேர்ந்த பிறகு எழுதினால் அது தானம் மாதிரி ஆகிவிடும்.

இதையெல்லாம் அவனிடம் சொன்னாயா என்று யமுனாவிடம் கேட்டேன். "சொல்றதுக்கு என்ன இருக்கு அத்தை? அவருக்குத் தெரியலைன்னா சொல்லலாம்" என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்திருக்கும். பிறகு பேச்சை மாற்றி, இங்கே காலேஜில் கெஸ்ட் லெக்சரர் எடுக்கிறார்களா என்று கேட்டாள். யாருக்கம்மா என்றேன். சும்மாதான் கேட்டேன் என்றாள். எடுக்கிறார்கள், மணிக்கணக்குச் சம்பளம், வருடா வருடம் புதிதாக விண்ணப்பம் போட வேண்டும் என்று உண்மையைச் சொன்னேன். உன்னோடு சமமாக உட்கார்ந்து பாடம் நடத்துகிறவள் அதைக் குறித்துக்கொண்ட மாதிரி "ம்" என்றாள்.

அவள் அடுத்த வாரம் விமானத்தில் இங்கே வருகிறாள், உனக்குத் தெரியும். கொஞ்ச நாள் அம்மாவோடு இருந்துவிட்டு மனசு தெளிந்து வரட்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள், நீண்ட விடுப்பு. டிபார்ட்மெண்டில் அவள் அறையைப் போய்ப் பார், அலமாரி காலியாக இருக்கும். நீ புது அறைக்கு மேசை பார்க்கும் மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டாய். புத்தகங்களைக் கப்பலில் போட்டிருக்கிறாள். தீவில் பிறந்து வளர்ந்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ரெண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் சாமான் அனுப்ப மாட்டார்கள்.

நான் அவளைப் போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன். ஹார்பரில் பெட்டிகளை நானே போய் இறக்கிக்கொள்கிறேன், பக்கத்து வீட்டுப் பையன் வண்டி எடுத்து வருகிறேன் என்றிருக்கிறான். அதில் உன் புத்தகம் ஏதாவது கலந்திருந்தால் எழுது, தனியாக எடுத்து அனுப்பி வைக்கிறேன். இருக்காது என்றுதான் நினைக்கிறேன். எது உன்னுடையது, எது தன்னுடையது என்று அவள் நன்றாகப் பார்த்துத்தான் பிரித்து எடுத்திருப்பாள்.

அம்மா